பிடித்த மீனைத் திருப்பி விடும் மகனுக்கு

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுவாய். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். இதில் இரண்டும் நடக்காது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வா. மும்பை செம்பூரில் நம் தமிழ்ச் சங்கம் நடத்தும் மாதப் பத்திரிகைக்கும் இதன் பிரதியைக் கொடுக்கப்போகிறேன். வீட்டு விஷயத்தை எதற்கு ஊரறியச் சொல்கிறாய் என்று கேட்காதே. நீ மேடை ஏறி, மைக் பிடித்து, ஊரறியப் பேசினாய். அதற்கு மறுப்பும் ஊரறியத்தான் வரும்.

உன் வீடியோவைப் பலமுறை பார்த்தேன். போன வருடம் உனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இந்த வருடம் முதல் ஓட்டு. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஓர் அரசியல் சட்டம் உண்டாம். உன் மாநிலத்துச் சட்டத்தில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று மக்களிடம் ஓட்டுக் கேட்கிறார்கள். வேட்டையாடுவதும் மீன்பிடிப்பதும் மக்களின் உரிமை, பரம்பரையாக வந்த முறைகளோடு அது என்றென்றைக்கும் காக்கப்படும் என்பது அந்தப் பத்தி. நீ அதற்கு ஆதரவு திரட்டுகிற கோஷ்டியில் சேர்ந்திருக்கிறாய். முப்பத்தோரு வருடம் டைப் அடித்தவள் நான். ஒரு வரைவில் 'என்றென்றைக்கும்' என்று வந்தால், அதை எழுதச் சொன்னது யார் என்றுதான் முதலில் பார்ப்பேன். உன் தூண்டிலை அங்கே யார் பிடுங்கினார்கள் என்று போனில் கேட்டேன். இன்னும் யாரும் பிடுங்கவில்லை, மிருகங்களுக்காகப் பேசுகிறவர்கள் நாளைக்கு வந்து பிடுங்கலாம், அதற்காக முன்கூட்டியே என்றாய். கேட்டுவிட்டுச் சிரித்தேன். நீ லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஹலோ ஹலோ என்றாய்.

போன கோடையில் ஒரு போட்டோ அனுப்பினாயே, முழங்கை நீள மீன் ஒன்றைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு நிற்கிற போட்டோ. அதைச் சுமனிடம் காட்டினேன். சுமனை உனக்குத் தெரியும். நாம் செம்பூருக்கு வந்த நாளிலிருந்து நம் மாடிக்கு மீன் கூடை கொண்டு வருகிற கோளி மீனவப் பெண். அவள் வீட்டுக்காரர் காடியில், அதாவது நம் பக்கத்து உப்பங்கழியில், பிடித்து வந்ததைத்தான் புதனும் வெள்ளியும் நீ தின்று வளர்ந்தாய். "பையன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு, எத்தனை கிலோ வந்தது, எப்படிச் சமைத்தான் என்று விசாரித்தாள். போட்டோ எடுத்ததும் தண்ணீரிலேயே விட்டுவிடுவானாம் என்று சொன்னேன். "சோட் தியா? ஃபிர் பக்டா காய்கோ?" என்றாள். விட்டுவிட்டானா, அப்புறம் எதற்குப் பிடித்தான் என்று. எனக்கும் தெரியாது. பிடித்த மீனைத் திருப்பி விடுவதற்கு ஓர் அரசியல் சட்டம் வேண்டியிருக்கிற ஊரில் என் மகன் இருக்கிறான் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

வேட்டைக்கதை இன்னும் மோசம். மரத்தின் மேல் நாற்காலி கட்டி, ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மானுக்கு அந்த நிறம் தெரியாதாம், மற்ற வேட்டைக்காரர்கள் உன்னைச் சுட்டுவிடாமல் இருப்பதற்காம். எங்கள் ரத்தத்தில் வேட்டை இருக்கிறது என்று அந்த வீடியோவில் சொல்கிறாய். யாருடைய ரத்தத்தில்? உன் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் உப்புத் தேய்த்தார். மிருகம் என்று அவர் பார்த்ததெல்லாம் உரித்து மடித்து லாரியில் வந்து இறங்கியதுதான். நீயோ, பொறியில் விழுந்த எலியை அடிக்கக்கூடாது, மைதானத்தில் கொண்டுபோய் விடவேண்டும் என்று அழுது ஒருவேளைச் சோறு தின்னாமல் கிடந்தவன். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம்கூட உன் பாடு என்று விட்டிருப்பேன். வயதான காலத்தில் மகனின் பொழுதுபோக்கைத் திட்டிக் கடிதம் எழுத எனக்கென்ன பைத்தியமா. நான் உட்கார்ந்து எழுத வந்தது வீடியோவில் கடைசியாக நீ சொன்னதற்காக. என் அப்பா மும்பையில் ஒரு கழிமுகத்தில் மீன்பிடித்தவர், ஒரு நாள் ஒரு சர்க்காரி காகிதம் வந்து அந்த உரிமையை எங்களிடமிருந்து பறித்தது, அரசியல் சட்டத்தில் இப்படி ஒரு பத்தி இருந்திருந்தால் எங்களுக்கு அந்தக் கதி வந்திருக்காது என்கிறாய். தொண்டை கம்முகிறது. எதிரே இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது.

உன் அப்பா வாழ்நாளில் ஒரு மீன் பிடித்ததில்லை. முள் எடுக்கக்கூட அவருக்கு வராது, நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவர் அந்தக் காடிக்குப் போனது ஒரே ஒரு காரியமாக. நானும் அவரும் ஒரே சர்வே ஆபீஸில் வேலை பார்த்தோம். அவர் வெளியே போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார், நான் டைப் அடிப்பேன். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது, காடிக்கரையில் என்னென்ன இருக்கிறது, யார் யார் அதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை ஆபீஸுக்கு வந்தது. அவரை அனுப்பினது ஜூலை மாதம். கொட்டுகிற மழை. மழை மாதங்களில் சுமனின் ஆட்கள் கடலுக்கும் போகமாட்டார்கள், காடிக்கும் போகமாட்டார்கள். மீன் குஞ்சு பொரிக்கிற காலம். படகையெல்லாம் கரையேற்றிக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் போட்டு மூடி, வீட்டுக்குள் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். ஆவணி அவிட்டத்தன்று வருகிற நாரளி பூர்ணிமாவில் தண்ணீருக்குத் தேங்காய் விட்டுக் கும்பிட்ட பிறகுதான் மறுபடி இறங்குவார்கள். உன் அப்பா போன அன்று காடியில் ஒரு ஆளும் இல்லை.

அவர் நேர்மையாகத்தான் எழுதினார். 'பார்வையிட்ட நாளில் மீன்பிடித்தவர்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார். பக்கத்தில் பென்சிலால், மழைக்காகப் படகுகள் கரையில் இருக்கின்றன, நாரளி பூர்ணிமா கழித்து மறுபடி வந்து பார்க்கவேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அந்தக் குறிப்பை அடிக்கக் கட்டத்தில் இடமில்லை. தனித்தாள் வைத்து, இரண்டு கார்பனோடு, மறுபடி முதலிலிருந்து அடித்திருக்கவேண்டும். மேனேஜரிடம் கேட்டேன். பூஜ்யம் போதும், குறிப்பெல்லாம் எதற்கு என்றார். அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் கொஞ்சம் வாதாடியிருந்தால் அவர் சரி என்றிருப்பார், அப்படிப்பட்ட ஆள்தான். நான் வாதாடவில்லை. அன்று சாயங்காலம் சயான் அரங்கில் மெல்லிசை நிகழ்ச்சி. இரண்டு பாஸ் கிடைத்திருந்தது. மறுபடி அடித்தால் பாதி நிகழ்ச்சி போய்விடும்.

கையெழுத்துப் போடும்போது உன் அப்பா கவனித்துவிட்டார். "ஏட்டி, நான் எழுதுன குறிப்பக் காணலையே" என்றார். "கட்டத்துல இடமில்ல. சார் வேண்டாம்னுட்டாரு. கையெழுத்தப் போட்டுட்டு வாங்க, நேரமாச்சு" என்றேன். போட்டார். போனோம். என்ன பாட்டுப் பாடினார்கள் என்று ஒன்றுகூட இப்போது நினைவில்லை. மறுநாள் சுமன் வந்தாள். மழை மாதத்தில் அவள் காய்ந்த போம்பில் கருவாடுதான் கொண்டு வருவாள். பச்சை மீன் எப்போது என்று நான் அவளிடம் கேட்டேன். நாரளி பூர்ணிமா கழித்து என்று சொன்னாள். மறுநாளே கேட்டிருக்கிறேன் பார், என் லட்சணத்தை. முந்தின நாள்தான் அந்தக் காடியில் மீன்பிடிக்கிறவர் ஒருவரும் இல்லை என்று மூன்று பிரதி அடித்துக் கொடுத்திருந்தேன்.

அந்தக் காகிதம் அப்போது யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. எங்கேயோ கிடந்தது. இப்போது காடியின் குறுக்கே புதிதாகப் பாலம் வருகிறது. பாலக்காரர்கள் தூண்களை நெருக்கி நெருக்கிப் போடுகிறார்கள். தண்ணீர் இறங்கும் நேரத்தில் அந்த இடைவெளியில் ஒரு படகு நுழையமுடியாது. தூண்களைத் தள்ளிப் போடுங்கள் என்று சுமனின் ஆட்கள் கேட்டதற்கு, இந்தக் காடியில் மீன்பிடிப்பே இல்லையே என்று பழைய அறிக்கையைக் காட்டினார்களாம். புதிதாக யாரும் போய்ப் பார்க்கவில்லை. பழைய வரியை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அது உன் அப்பா கையெழுத்துப் போட்ட வரி. பொது விசாரணை ஒன்று வைக்கிறோம், வந்து சொல்லுங்கள் என்றார்கள். சொல்வதற்கு ஆதாரம் வேண்டுமே. கூடையில் மீன் விற்றவள் யாருக்கு ரசீது கொடுத்தாள்? அதனால் சுமன் ஒவ்வொரு வாடிக்கை வீடாக ஏறி இறங்கினாள். இவளிடம் காடி மீன் வாங்கினோம் என்று வந்து சொல்லுங்கள் என்று கேட்டாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு வீடு, இந்தக் கட்டடத்திலிருந்து இரண்டு வீடு வர ஒப்புக்கொண்டன. என்னிடம் அவள் கேட்கக்கூட இல்லை. தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் வருவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். பூஜ்யம், பென்சில் குறிப்பு, பாஸ், எல்லாம். ஏதோ ஒரு பழைய காகிதம் சுமனின் ஆட்களைத் துரத்துகிறது என்று முன்பு நான் சொன்னது மட்டும்தான் உனக்குத் தெரியும், அது நம் வீட்டுக் காகிதம் என்று அதுவரை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். தெரிந்ததும் நீ என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? "நீ போ, மீன் வாங்குனேன்னு மட்டும் சொல்லிட்டு வா. அப்பா பேர எதுக்கும்மா நடுவுல இழுக்கணும்? செத்துப்போனவர்மா." அடுத்ததாக, "இங்க எனக்கும் ஆக்வர்டா இருக்கும், எலக்ஷன் வர நேரத்துல" என்றாய். இரண்டாவதாகச் சொன்னதுதான் முதல் காரணம் என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து இன்னொரு கூட்டத்தில் அதே கதையை, அதே கம்மிய தொண்டையோடு, மறுபடியும் சொல்லியிருக்கிறாய். முதல் தடவை சொன்னபோது உனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை தெரியும். அதுவரை உன்மேல் எனக்கு இருந்தது எரிச்சல். அதற்குப் பிறகு இருப்பது என்ன என்று எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உன்னைக் கேவலமாக நினைக்கிறேன். பெற்றவள் இப்படி எழுதலாமா என்றால், பெற்றவள்தான் எழுதவேண்டும்.

உன் பத்தியை நான் படிக்காமல் ஏசுகிறேன் என்று நினைக்காதே. அச்செடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு நாள் முழுக்க அது எனக்கு நல்லதாகக்கூடத் தோன்றியது. இங்கே இப்படி ஒன்று இருந்திருந்தால் என் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு யாராலும் சுமனைத் துரத்தியிருக்க முடியாது என்று நினைத்தேன். பிறகு வேறொன்று தோன்றியது. பிழைப்பைப் பற்றி நம் சட்டத்திலும் நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. மேலே என்ன எழுதினாலும் கீழே ஒரு படிவம் வரும். அதில் ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப என்னைப்போல் ஒருத்தி, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் உட்கார்ந்திருப்பாள். உனக்கு ஒரு புத்தி சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், இதை எந்த மாதத்தில் போய்ப் பார்த்து எழுதினீர்கள் என்று கேள். பறிகொடுக்காதவன் பறிகொடுத்தவன் குரலில் பேசினால், அவனிடமும் அதையே கேள்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பாலக்காரர்கள் பக்கம் ஐந்து நாற்காலி, குடிக்கப் பாட்டில் தண்ணீர். இந்தப் பக்கம் பெஞ்சு. சுமன் பச்சை நிற ஒன்பது கஜ நவ்வாரிப் புடவையைக் கச்சமாகக் கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தாள், கல்யாணத்துக்குப் போவதுபோல. என் முறை வந்ததும் அதிகாரி, நீங்கள் கோளியா என்று கேட்டார். இல்லை, தமிழ் என்றேன். உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றார். முப்பது வருடமாக இவளிடம் மீன் வாங்குகிறேன் என்று சொன்னேன். எழுதிக்கொண்டு, நன்றி, அடுத்தவர் என்றார். அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். நீ சொன்னது அவ்வளவுதானே. இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன். அவர் கையில் வைத்திருந்த அறிக்கையைக் காட்டி, அதை அடித்தவள் நான், அதில் இருப்பது என் புருஷன் கையெழுத்து, ஜூலையில் போய்ப் பார்த்தது, மழைக்குப் பிறகு மறுபடி பார்க்கவேண்டும் என்று அவர் எழுதிய குறிப்பை விட்டுவிட்டு அடித்தது நான் என்றேன். இதையே வீட்டில் தெளிவாக அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிருந்த இரண்டு பிரதியைக் கொடுத்தேன். உன் அப்பா பேரை முழுசாகச் சொன்னேன். அவர் இருந்திருந்தால் என்னோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வேறு மாதிரி நீ நினைத்தால், உனக்கு அவரையும் தெரியாது.

பாலக்காரர்கள் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார்கள். அதிகாரி, மழைக்குப் பிறகு மறுபடி போய்ப் பார்த்துக் கணக்கெடுக்கவேண்டும், அதுவரை தூண் வேலை வேண்டாம் என்று எழுதினார். முழு வெற்றி ஒன்றும் இல்லை. மறுபடி யாரை அனுப்புவார்கள், அவன் என்ன எழுதுவான், யாருக்குத் தெரியும். ஆனாலும் பெஞ்சில் இருந்தவர்கள் சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டார்கள். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சுமன் மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

வெளியே வந்ததும் அவளே என்னிடம் வந்தாள். "தேரேகோ மாலூம் தா?" என்றாள். உனக்கு முன்னமே தெரியுமா என்று. கோபமாகக் கேட்கவில்லை, ஏதோ விலை கேட்பதுபோல் கேட்டாள். தெரியும் என்றேன். "அந்தக் காகிதம் அடிச்ச நாள்லேர்ந்தா?" ஆமாம் என்றேன். "புதன்கிழமை, சுக்ரவார், நான் கூடைய இறக்கும்போதெல்லாமா?" அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். நான் எதிர்பார்த்தது நன்றி. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அதைத்தான் எதிர்பார்த்து நின்றேன். அவள் மற்றவர்களோடு டெம்போவில் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் குரல் கேட்டது. தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து நின்றேன். பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மாந்தேலி மீனை அளந்து போட்டாள், அவர்கள் வீட்டுப் பேத்தியிடம் என்னவோ கேலி பேசினாள். பிறகு எழுந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் நடிக்கவில்லை. கூடைமேல் ஈரத்துணியை இழுத்து மூடிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அவள் செய்தது சரி. எனக்கு இதுதான் கிடைக்கவேண்டும், இதோடு நான் இருந்துகொள்வேன். நீ உன் ஓட்டை எதற்கு வேண்டுமானாலும் போடு. அந்த வீடியோவை அழித்துவிடு.

அம்மா